மூன்றாவது கை

கட்டிலின் காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

செடி நர்சரிக்குப் பின்னாலேயே குடியிருந்தால் எறும்பு ஏறாமல் என்ன செய்யும் என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். அவளால் முடியவில்லை. அவளுடைய வேலையே எறும்பைப் பார்த்துத்தான் தொடங்கும். செம்பருத்திக் கொட்டகையில் மாவுப்பூச்சி துடைப்பவள் அவள். பஞ்சைக் குச்சியில் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்து, இலைக்கு அடியிலும் கணுச் சந்திலும் மொட்டின் கழுத்திலும் வெள்ளையாக அப்பியிருக்கிற பொதிகளை ஒவ்வொன்றாக நசுக்கி எடுக்க வேண்டும். நசுக்கினால் உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சாறு வரும். அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்த நிறத்தில் ஐஸ்கிரீம்கூட இறங்காமல் போய்விட்டது. பூச்சி கழிக்கிற இனிப்புப் பிசுக்கை நக்கத்தான் எறும்பு செடி ஏறும். தண்டில் வரிசை தெரிந்தால் மேலே எங்கோ பூச்சி இருக்கிறது. கண்ணில் படாவிட்டாலும் இருக்கிறது.

இந்த வரிசை கட்டில் காலில் ஏறி, சட்டத்தோடு திரும்பி, அவளுடைய தலையணையை மதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், கணவனின் தலையணையில் முடிந்தது. அவன் எப்போதோ எழுந்து போயிருந்தான். தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதன் ஓரம் முழுக்க எறும்புகள் தலையைக் குனிந்து மொய்த்திருந்தன. விரலால் தொட்டாள். விரலை எடுத்தபோது ஈரமும் கூடவே எழுந்து வந்தது, நூலாக, அறுந்து போக மனமில்லாமல். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருமே, அதே வழவழப்பு. முகர்ந்தாள். முதலில் பச்சை இலை வாசனை, அதற்கு அடியில், மாற்றாமல் விட்ட பூஜாடித் தண்ணீரின் நாற்றம். உறையைக் கழற்றிக் கொண்டுபோய் வாளியில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வழவழப்பு போகவில்லை. மறுபடியும் கழுவினாள்.

அவனுக்கு அந்த நர்சரியில் ரேடியோ என்று பேர். செடி ஒட்டுவதுதான் அவன் வேலை, ஆனால் பேசுவதுதான் அவன் பிழைப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். தொட்டியில் நிற்கிற வேர்ச்செடியின் தலையைச் சீவி, தண்டின் நடுவில் பிளந்து, வேறொரு நல்ல ஜாதிச் செம்பருத்தியின் குச்சியை ஆப்பு மாதிரிச் செதுக்கி அந்தப் பிளவில் சொருகி, பாலிதீன் நாடாவால் சுற்றிவிடுவான். குச்சி காய்ந்தால் ஒட்டு பிடிக்காது. கத்திக்கு ஒரு கை, செடிக்கு ஒரு கை போய்விட்டால் குச்சியை யார் பிடிப்பது? வாய்தான். ஒட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் வாய் மூன்றாவது கை. எச்சிலின் ஈரத்தில் குச்சி காயாது. உதட்டில் இரண்டு குச்சியைக் கவ்விக்கொண்டே அவன் ஊர்க்கதை பேசுவான், பாட்டுப் பாடுவான், அவளைப் "பூச்சி, ஏ பூச்சி" என்று கூப்பிட்டு வம்பிழுப்பான். அந்தப் பேச்சுக்குத்தான் அவள் மயங்கினாள். அவன் முகத்தில் வேறொன்றும் விசேஷமில்லை என்பதை அவனே ஒப்புக்கொள்வான்.

அவளும் ஒட்டுக் கட்டப் பழகிய காலத்தில் வாயில்தான் குச்சியைக் கவ்வினாள். ஒருநாள் நாக்கின் மேல் ஏதோ நடந்தது. துப்பிப் பார்த்தால் மாவுப்பூச்சி. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன் என்று சொல்லிக்கொள்வாள். விட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனாலும் அவசரமாகக் கிளை கழித்துக் கவாத்து செய்யும்போது எப்படியோ ஒரு குச்சி உதட்டுக்கு வந்திருக்கும், "சீ" என்று துப்புவாள், அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

எல்லாம் அந்தப் பழைய பங்களாவுக்குப் போய்வந்த பிறகுதான்.

பங்களாவை இடிக்கிறார்கள், பின்கட்டில் ஒரு செம்பருத்தி மரம் மாதிரி வளர்ந்து நிற்கிறது, நாளைக்கு அதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, அவன் மழையிலேயே ஓடினான். செம்பருத்திப் பூ காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும், மறுநாள் உதிரும். இந்த மரத்தில் பூ உதிரவே இல்லையாம். வாரக்கணக்கில் அப்படியே விரிந்திருக்கிறது என்று இடிக்க வந்தவர்கள் சொன்னார்களாம். திரும்பும் பஸ்ஸில், வெட்டிய குச்சிகளைச் சுற்ற ஈரத்துணிகூட இல்லாமல், வழி முழுக்க வாயிலேயே அடக்கிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான், கன்னம் உப்பியிருந்தது, உதட்டோரம் எச்சில் வழிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பூவையும் எடுத்துக் காட்டினான்.

"என்ன கலர்னு சொல்லு பாப்போம்."

கீழுதட்டை மடித்துப் பார்த்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். அதில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடின. செம்பருத்திக்கு வாசனை கிடையாது. இதற்கு இருந்தது. பல் தேய்க்காத காலை வாசனை. தொட்டபோது இதழ் வெதுவெதுப்பாக இருந்தது, அவன் பையில் இருந்த சூடுதான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நல்லாவே இல்ல. தூக்கிப் போடுங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? இது மட்டும் புடிச்சுதுன்னு வை, ஊரே நம்ம வாசல்ல நிக்கும்."

பிடிக்கவில்லை. அவன் கட்டிய ஒட்டு தவறுவது அபூர்வம். இந்தக் குச்சிகள் எல்லாமே தவறின. மூடிவைத்த பாலிதீன் பைகளுக்குள் கறுத்து, கூழாகி, தொட்டால் பட்டை மட்டும் வெந்த தோல் மாதிரிக் கழன்று விரலோடு வந்தது. வேர்ச்செடிகளும் கூடவே அழுகின. கொட்டகையை அவள் பினாயில் போட்டுக் கழுவினாள்.

"எல்லாம் போச்சா? விட்டது சனியன்."

அவன் கன்னத்தைத் தட்டிக் காட்டினான். கடைசிக் குச்சி உள்ளேதான் இருந்தது.

"ஐயோ, அதைத் துப்புங்க மொதல்ல! சாப்பிடும்போதுமா வெச்சிருக்கீங்க?"

"துப்பினா காஞ்சிரும்டி. காயக் கூடாது."

அதன் பிறகு சில நாள் கழித்து, சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்து, உதட்டை அதிகம் பிரிக்காமல் சொன்னான்: "ஒண்ணு புடிச்சிருச்சு."

"எங்க?"

"நல்ல எடத்துல."

அதோடு அவன் பேச்சு நின்றது.

முதலில் கோபம் என்று நினைத்தாள். பிறகு பல்வலி என்று நினைத்தாள். பேசாவிட்டால் பரவாயில்லை, சாப்பிடவும் இல்லை. தட்டை நகர்த்திவிட்டுத் தண்ணீர் குடித்தான். சொம்பு சொம்பாகக் குடித்தான், வாயைச் சற்றே திறந்து, தலையை நிமிர்த்தி, தொட்டிக்கு ஊற்றுவது மாதிரி மெதுவாக ஊற்றினான். அவன் வாயிலிருந்து வழிந்தது சட்டை மார்பில் காய்ந்து பளபளத்தது. துவைக்க எடுத்தால் சட்டை விறைப்பாக நின்றது, மடிப்புக்குள் எறும்பு. அந்தச் சட்டையைக் கையால் தொடாமல் குச்சியால் தூக்கி வாளியில் போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். புருஷன் சட்டையை இப்படித் தூக்குகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பிடித்த ஒட்டு எது என்று கொட்டகை முழுக்கத் தேடினாள். நிழல்வலைக்கு அடியில் தொட்டி தொட்டியாக நகர்த்திப் பார்த்தாள். அந்தக் குச்சி எதிலும் இல்லை.

தேடிவிட்டு நிமிர்ந்தபோது, கொட்டகைக்கு வெளியே, வெயில் நேராக விழுகிற இடத்தில், கவிழ்த்த தொட்டியின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். முகத்தைச் சூரியனுக்குக் காட்டி, கண்ணை மூடி, வாயை மட்டும் திறந்து வைத்திருந்தான். நல்ல பகல். பக்கத்தில் ஆட்கள் தொட்டி தூக்கிக்கொண்டு போகிறார்கள், குழாயில் தண்ணீர் ஓடுகிறது. அவன் அசையவே இல்லை. சூரியன் நகர்ந்ததும் முகத்தையும் கொஞ்சம் நகர்த்தினான். வாய்க்குள் இருட்டாகத்தான் தெரிந்தது. பற்களின் மேல் கரும்பூசணம் படிந்த இலை மாதிரி ஒரு கறுப்பு. அவள் நெருங்கியதும் வாயை மூடிக்கொண்டான்.

"என்னம்மா, நம்ம ரேடியோ ரிப்பேரா?" என்றார் மண்ணுக்காரர். தொட்டிக்கு மண்ணும் எருவும் கலக்கிற மனிதர், நல்லது கெட்டதுக்கு அவர்களுக்கு இருந்த ஒரே ஆள்.

"வாயைத் திறக்க மாட்டேங்கறார், அண்ணே. உள்ள ஏதோ இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அவர் சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "வாயில புண்ணு கிண்ணு வந்திருக்கும். விடியட்டும், நானே வண்டியோட வர்றேன். குண்டுக்கட்டாத் தூக்கியாவது டாக்டர்கிட்ட கொண்டுபோயிரலாம். நீ அழாத."

அவள் அழவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அவன் குரல் வேண்டும், அவ்வளவுதான். திட்டினாலும் போதும். "பூச்சி" என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

அன்று மாலை மழை. அவன் நாற்காலியில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தான். கூரையில் மழைச் சத்தம் சீராக விழுந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவே அவன் மூச்சோடு சேர்ந்து இன்னொரு சத்தம், ஈர இலை ஒன்று இன்னொரு இலையின் மேல் உரசுகிற சத்தம், வாய்க்குள்ளிருந்து வந்தது. விளக்கைப் பக்கத்தில் நகர்த்தினாள். நாற்காலியின் காலில் வரிசை ஏறிக்கொண்டிருந்தது. கைப்பிடி, முழங்கை, தோள், கழுத்து. உதட்டோரத்தில் எறும்புகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அங்கே, இரண்டு உதடும் சேருகிற சந்தில், வெள்ளையாகப் பஞ்சுப் பொதி.

கை தானாகவே பஞ்சுக்குச்சியை எடுத்தது. ஸ்பிரிட்டில் நனைத்தது. அப்பினாள், நசுக்கினாள். இளஞ்சிவப்புச் சாறு அவன் தாடையில் வழிந்தது. இன்னொரு பொதி உள்ளே இருந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவன் தூக்கத்தில் சிரித்தான். உதடு பிரிந்தது. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே, இன்னும் விரியாமல் விசிறி மாதிரி மடிந்திருந்த ஒரு பச்சைத் தளிர், வெளிச்சத்தைக் கண்டதும் மெல்ல நிமிர்ந்தது.

அவள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, மழையில் குனிந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். திரும்ப அவன் பக்கத்தில் போக உடம்பு கூசியது. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி விடியலுக்குக் காத்திருந்தாள்.

விடிகிற வெளிச்சத்தில் கண் திறந்தபோது மழை நின்றிருந்தது. செம்பருத்தி விரிகிற நேரம். சமையலறையை விட்டு வந்தபோது பின்வாசல் கதவு திறந்து கிடந்தது.

அவன் படிக்கட்டில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டில் முதலில் அவன் தாடை தெரிந்தது, அளவுக்கு மீறித் தொங்கிக்கொண்டு. பிறகு மொட்டு தெரிந்தது. உதடுகளைத் தாண்டி, ஈரமாக, கட்டைவிரல் பருமனில் நீண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முறுக்கவிழ்ந்தது. ஒவ்வோர் இதழும் ஒட்டிக்கொண்டிருந்த எச்சிலை இழுத்து அறுத்துக்கொண்டு பிரிந்தது. உதட்டின் உட்புற நிறம். நடுவில் மகரந்தத் தண்டு நாக்கு மாதிரி நீண்டு துடித்தது. பூவின் முகத்துக்குப் பின்னால் அவன் கண்கள் அவளைப் பார்த்தன. கண்ணீர் நிரம்பிய கண்கள்.

அந்தக் கண்ணீர்தான் அவளைத் தள்ளியது. கவாத்துக் கத்திரியை எடுத்தாள். ஸ்பிரிட்டில் துடைத்தாள், எந்தச் செடியை வெட்டும் முன்பும் துடைப்பது போலவே. பஞ்சை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. நான் பாத்துக்கறேன்."

தாடையைப் பிடித்து அகட்டினாள். பூஜாடித் தண்ணீரின் அதே நாற்றம். பொதி பொதியாக மாவுப்பூச்சி. ஈறு முழுக்க. துடைத்தாள். நாக்கு தெரிந்தது.

நாக்கின் நுனி பிளந்திருந்தது. அந்தப் பிளவில் குச்சி. ஆப்பு மாதிரி, சுத்தமாகச் செதுக்கிய குச்சி. சுற்றிலும் நாடா. சுற்றின் முடிவை உள்பக்கம் மடித்துச் சொருகும் முடிச்சு. அவன் கட்டு. அவன் ஒருவன்தான் அப்படிக் கட்டுவான். நாடாவின் மேல் சதை வளர்ந்து மூடத் தொடங்கியிருந்தது. தண்டும் நாக்கும் சேர்ந்த இடம் புடைத்திருந்தது. பச்சை எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது. தெரியவில்லை.

பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

புடைப்புக்குக் கீழே வெட்டினால் நாக்கு போய்விடும். பேச்சு போய்விடும். மேலே வெட்ட வேண்டும். புடைப்பை ஒட்டி. கத்திரியை வைத்தாள். கண்ணை மூடவில்லை. அழுத்தினாள்.

நறுக்.

ரத்தம். நூலாக இழுபடும் ரத்தம். அவன் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. தாடை மூடப் பார்த்தது. மூடவிடக் கூடாது. ஒரு கையால் தாடையை அகட்டினாள். ஒரு கையால் பஞ்சை வைத்து அழுத்தினாள். பஞ்சு நனைந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் நனைந்தது. இன்னொன்று. மெல்ல, மெல்ல ரத்தம் மட்டுப்பட்டது.

அவன் மூச்சு சீரானது. வாய்க்குள் வெறும் நாக்கு. நுனியில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும். முடிந்தது. முடிந்துவிட்டது.

அவன் அவளையே பார்த்தான். கண்ணீர் நின்றிருந்தது. தொண்டையைச் செருமினான். பேசினான். கொஞ்சம் கொழகொழத்தாலும் அதே குரல், அவள் ஏங்கிக் கிடந்த குரல்.

"பூச்சி."

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. என்னங்க என்று கேட்க வாயெடுத்தாள்.

வாய் திறக்கவில்லை.

இரண்டு கையும் அவன் தாடையில் இருந்தன. கத்திரி படியில் கிடந்தது. பூவும் தண்டும் படியில் இல்லை. மண்ணிலும் இல்லை. அவள் கண்ணைத் தாழ்த்தித் தன் மூக்குக்குக் கீழே பார்த்தாள். உதட்டின் உட்புற நிறத்தில் ஓர் இதழ் விளிம்பு அசைந்தது. உதடுகளுக்கு நடுவே குச்சி. இரண்டு கையும் வேலையாக இருந்தபோது மூன்றாவது கை வாங்கிக்கொண்டிருந்தது. எப்போது கவ்வினாள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

துப்பினாள். துப்ப முடியவில்லை. வழவழப்பு உதட்டை ஒட்டிவிட்டிருந்தது. கையால் இழுத்தாள். உதட்டுத் தோலும் கூட வந்தது. உள்ளே, வெட்டிய முனை வெதுவெதுப்பாக அவள் நாக்கைத் தடவிப் பார்த்தது. இனித்தது.

"இழுக்காத, இழுக்காத. ஒடைஞ்சிரும்" என்றான் அவன், பதறிப்போய், அன்பாக. அவள் கைகளைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டான். "வாயை மூடிக்க. காயக் கூடாது."

வாசலில் ஹாரன் அடித்தது. மண்ணுக்காரர். சொன்னபடி வண்டியோடு வந்துவிட்டார். அவள் கத்தினாள், மூக்கு வழியாக ஒரு முனகல்தான் வந்தது.

"அண்ணே!" என்று அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான். "எனக்குச் சரியாயிருச்சு! சும்மா வாய்ப்புண்ணு! நீங்க போங்க, நான் அப்பறமா வர்றேன்!"

"அட, ரேடியோ பாட ஆரம்பிச்சிருச்சா!" வாசலில் மண்ணுக்காரர் சிரிப்பது கேட்டது. "உன் பொண்டாட்டி நேத்து அழுத அழுகையில நான் தூங்கவே இல்லப்பா. அந்தப் புள்ளைய நல்லாப் பாத்துக்க."

"பாத்துக்கறேன், அண்ணே!"

வண்டி திரும்பியது. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அவன் ஒரு கையால் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தபடி, மறு கையால் இடுப்பிலிருந்து ஒட்டுக் கத்தியை எடுத்து, அவள் கொண்டுவந்த ஸ்பிரிட்டிலேயே துடைத்தான். நாடாச் சுருளின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான். வேலை செய்யும்போது எப்போதும் பாடுகிற அந்தப் பாட்டை மெல்ல முணுமுணுத்தான்.

அவன் காலில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசை நடுவழியில் நின்றது. மீசையை ஆட்டிப் பார்த்தது. பிறகு இறங்கி, படியைக் கடந்து, அவள் பாதத்தில் ஏறத் தொடங்கியது.